அத்தியாயம் 3: அனுமதி கிடைக்கும் காணியைத் தேடுதல் – புசல்லாவையில் சிறு வீட்டு நிர்மாண நிறுவனங்களுக்கு

ஆண்டுக்கு நாலைந்து வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்கு மேசன் பாஸ் சரிவராவிட்டால் இன்னொருவரைப் பிடிக்கலாம். சீமேந்து விலை கூடினால் அடுத்த வீட்டில் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆனால் வாங்கிய காணிக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால் மீள வழியில்லை. கையிலிருந்த முதல் மண்ணில் மாட்டிக்கொள்ளும், வங்கி வட்டி மாதா மாதம் ஏறும், வேலையாட்கள் வேறு கொந்தராத்துக்குப் போய்விடுவார்கள். பெரிய நிறுவனத்துக்கு ஒரு காணி பிசகினால் வேறு பத்துக் காணிகள் இருக்கும். உங்களிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது: காணியை வாங்கிவிட்டு அனுமதி தேடாதீர்கள், அனுமதி கிடைக்கும் என்று தெரிந்த காணியை மட்டும் வாங்குங்கள். இதைச் செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இங்கே காணி ஏன் இவ்வளவு அரிது?

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், இறம்பொடைக்கு முன்னர் வருவது புசல்லாவை. வீதியில் நின்று சுற்றிப் பார்த்தால் எங்கும் நிலம்தான் தெரியும். அதில் விலைக்கு வரக்கூடியது மிகச் சிறிய பங்கு. காரணத்தை அறிய கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. அந்த நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டம் அந்தக் காலத்தில், டி வேர்ம்ஸ் சகோதரர்களின் கையில் உருவானதுதான். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய மேட்டுக் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையதாகவே இருக்க, கம்பனிகள் நீண்டகாலக் குத்தகைக்காரராயின.

விளைவு இதுதான். மலையின் பெரும்பகுதி அரச நிலம். கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் வயல் இருக்கிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பழைய கிராமக் காணிகளும், வீதியோரக் கடைத்தெருவும், கைமாறிக் கைமாறித் துண்டான சிறு தேயிலைக் காணிகளும் மிஞ்சுகின்றன. ஆசிரியர்கள், வெளிநாடு போய் உழைத்து வந்தவர்கள், லயத்தை விட்டுச் சொந்த வீட்டுக்கு வர விரும்பும் இளம் குடும்பங்கள் எல்லோரும் தேடுவது இந்த மிச்சத்தைத்தான். நீங்களும் அதைத்தான் தேடுகிறீர்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் 1980களின் இறுதியில் புதிய வீடுகளில் பத்துக்கு ஏறத்தாழ நான்கைச் சிறு நிறுவனங்கள் கட்டின. இன்று அது பத்தில் ஒன்றளவுக்கு இறங்கிவிட்டது. காணி கிடைக்காமையையும் அனுமதி இழுபடுவதையுமே அங்குள்ள சிறு நிறுவனங்கள் முதன்மைக் காரணங்களாகச் சொல்லி வருகின்றன. சிறு நிறுவனம் ஒதுங்கினால், பத்து பேர்ச் காணியில் ஒரு குடும்பத்தின் தேவை அறிந்து வீடு கட்டிக் கொடுக்க ஆளிருக்காது. நீங்கள் நிலைத்து நிற்பது ஊருக்கும் தேவை.

2. முதல் கேள்வி: இது எந்த வகைக் காணி?

விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். புசல்லாவைப் பக்கத்தில் உங்களிடம் வரும் காணி பெரும்பாலும் பின்வரும் வகைகளில் ஒன்றாக இருக்கும்.

*சின்னக்கர உறுதிக் காணி.* முழுத் தனியார் உரிமை. நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்தது. கட்டி விற்பதற்கு உகந்தது இதுதான்.

*பிரிக்கப்படாத பங்குக் காணி.* பாட்டனின் காணி பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பங்காகிக் கிடக்கும். உறுதியில் "ஆறில் ஒரு பங்கு" என்றிருக்கும். அந்த ஆறில் ஒன்று எந்த மூலை என்று எங்கும் இராது. எல்லாப் பங்காளரும் கையொப்பமிட்ட பிரிவினை உறுதியும் வரைபடமும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. இணங்காவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம். அந்த வழக்கு முடியும்வரை சிறு முதல் தாங்காது.

*அரச அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு.* 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களிலும் வரும். கொத்மலைப் பக்கம் நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்தோருக்குக் கொடுக்கப்பட்ட மகாவலிக் காணிகளும் உண்டு. இவற்றைக் கைமாற்றுவதற்கு உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் எழுதிய உறுதி செல்லாது.

*தோட்டக் காணி.* லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டம், தோட்ட வீதியோரத் துண்டு, வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த 7 பேர்ச் ஆகியவற்றைக் "கைக்கடிதம்" எழுதி விற்க வருவோர் உண்டு. அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அரச நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆட்சியுரிமை கோர முடியாது. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். அந்த 7 பேர்ச், ஒன்றரை நூற்றாண்டு நிலமில்லாமல் வாழ்ந்த மக்களுக்கு முதன்முறையாகக் கிடைக்கும் நிலம். அதைக் குறுக்கு வழியில் வாங்கிக் கட்டி விற்பது சட்டத்துக்கும் புறம்பு, நியாயத்துக்கும் புறம்பு. அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொடுக்கும் கொந்தராத்தை எடுங்கள். அது நல்ல தொழில்.

*வயல்.* 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதியின்றி வயலை நிரப்பக்கூடாது. "பக்கத்துக்காரர் நிரப்பியிருக்கிறாரே" என்பது அனுமதி ஆகாது.

*விகாரை, தேவாலகக் காணி.* கண்டிப் பிரதேசத்தில் இவை நிறைய உண்டு. பௌத்த விகாரை, தேவாலகம் சார்ந்த நிலங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இதில் அனுபவமுள்ள சட்டத்தரணி இல்லாமல் இறங்க வேண்டாம்.

சிறு தேயிலைத் தோட்டத்தைத் துண்டாக்கி விற்க நினைத்தால் இன்னொரு சட்டமும் குறுக்கே வரலாம். தேயிலை, இறப்பர், தெங்குத் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. பரப்பைப் பொறுத்து உங்கள் காணி அதற்குள் அடங்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. உறுதியை வாசிக்கும் முறை

உறுதியின் கடைசிப் பக்கத்திலுள்ள அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை ஆகியவை அங்கேதான் இருக்கும். புசல்லாவைப் பக்கத்துப் பழைய உறுதிகளில் ஏக்கரும் பேர்ச்சும் இராது. எத்தனை அமுனம், எத்தனை பேலா நெல் விதைக்கும் நிலம் என்று இருக்கும். மேட்டுக் காணியானால் எவ்வளவு குரக்கன் விதைக்கலாம் என்று இருக்கும். நாலு பேலா ஓர் அமுனம். ஓர் அமுனம் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். "ஏறத்தாழ" என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்க முடியாது. எல்லையாக "மேற்கே ஓடை, கிழக்கே தோட்டத்துக் கான்" என்று எழுதியிருக்கும். அந்த ஓடை அறுபது ஆண்டில் எத்தனை அடி நகர்ந்ததோ! கான் தூர்ந்து, இப்போது அங்கே யாருடைய தேயிலை நிற்கிறதோ! விற்பவர் காட்டும் எல்லையை உறுதி சொல்கிறதா என்று பதிவுபெற்ற நில அளவையாளர் அளந்து சொல்ல வேண்டும்.

பிறகு பதிவகம். குறைந்தது முப்பது ஆண்டுக்கு உறுதித் தேடல் செய்விக்கவும். வாங்குபவரின் வங்கி அதைத்தான் கேட்கும். ஈடு, குத்தகை, சீவிய உரிமை, நீதிமன்றத் தடை எல்லாம் அங்கே தெரியவரும். பிம்சவிய திட்டத்தில், அதாவது 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், காணி பதியப்பட்டிருந்தால் தேடல் எளிது. உரித்துச் சான்றிதழையே பார்க்கலாம்.

ஒரு பேச்சு உங்கள் காதில் விழும்போது நிறுத்திக்கொள்ளுங்கள்: "தம்பி, எல்லாம் நம்ம அண்ணன் தம்பிமார்தான். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் அத்திவாரம் வெட்டும் நாளில்தான் கொழும்பிலிருக்கும் ஐந்தாவது தம்பி வருவார். அவருடைய கையொப்பம் அதற்கு முன்பே வேண்டும்.

உறுதிகளும் பதிவகப் பிரதிகளும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழில் வாசித்துப் புரிந்த பிறகே கையொப்பமிடுங்கள். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் உங்களுக்குத் தந்திருக்கிறது. கூச்சப்படாமல் தமிழில் எழுதிக் கேளுங்கள்.

4. மலையைக் கேட்காமல் வாங்காதீர்கள்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்னரே எச்சரித்திருந்தது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்டங்களில் கண்டியிலேயே இழப்பு அதிகம். மலைநாட்டில் வீடு கட்டி விற்பவர் இந்த மூன்றையும் மறக்கக்கூடாது. நீங்கள் விற்கும் வீட்டில் ஒரு குடும்பம் மழை இரவுகளில் உறங்கப்போகிறது.

மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை 2011 முதல் கேட்கப்படுகிறது. கண்டியும் நுவரெலியாவும் அவற்றுள் அடங்கும். பலர் இதை அனுமதிப் பாதையின் கடைசித் தடையாகப் பார்க்கிறார்கள். காணி வாங்கி, வரைபடம் கீறி, மண்வெட்டிய பிறகு விண்ணப்பிக்கிறார்கள். அறிக்கை "வேண்டாம்" என்றால் எல்லாம் வீண். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். காணி உரிமையாளரின் சம்மதத்தோடு, முற்பணம் கொடுக்கும் முன் மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் உங்கள் முழு முதலையும் காக்கும்.

அதற்கும் முன்னர், நீங்களே நடந்து பாருங்கள். நல்ல மழை பெய்து முடிந்த நாளில் போவது சிறப்பு. இங்கே தென்மேல் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாத இடைப்பருவ மழையும் காணியின் உண்மை முகத்தைக் காட்டும். பார்க்க வேண்டியவை:

– மரங்களின் அடி. நேராக வளர்ந்த மரம் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். மின்கம்பம் சாய்ந்திருப்பதும் அப்படியே.
– தேயிலை நிரையின் கோடு. நேரான நிரை ஓரிடத்தில் இறங்கிப் படி போல உடைந்திருந்தால் அங்கே நில்லுங்கள். இலைகளை விலக்கிப் பார்த்தால் பிறை வடிவ வெடிப்பு தெரியலாம்.
– புதிய ஊற்று. முன்பில்லாத இடத்தில் நீர் கசிந்தாலோ, தெளிந்து ஓடிய பீலித் தண்ணீர் கலங்கினாலோ, திடீரென நின்றாலோ அது எச்சரிக்கை.
– அயல் வீடுகள். சுவரில் சாய்வான வெடிப்பு, இறுகிப்போன கதவு, விலகிய படிக்கட்டு இருக்கிறதா? ஊர்ப் பெரியவரிடம் "இந்தப் பக்கம் எப்போதாவது மண் வந்ததா?" என்று கேளுங்கள். தேயிலை மலையில் நாற்பது ஆண்டு கான் வெட்டியவருக்குத் தெரியாத நீரோட்டம் இல்லை.
– உங்கள் காணிக்கு மேலே என்ன இருக்கிறது. உங்கள் எல்லைக்குள் எல்லாம் சரியாக இருந்து, மேலேயுள்ளவர் பெக்கோ விட்டு மலையடியை வெட்டியிருந்தால் ஆபத்து உங்களுக்கும்தான்.

மலைச்சரிவில் கட்டும்போது சில ஒழுங்குகளை விட்டுக்கொடுக்க வேண்டாம். சமதரையில் கட்டும் வீட்டின் வரைபடத்தை அப்படியே மலையில் வைக்க முயன்றால் பின்னால் உயரமாக வெட்டி முன்னால் மண் நிரப்ப நேரும். வெட்டிய பக்கமும் நிரப்பிய பக்கமும் இரண்டுமே பலவீனம். சரிவுக்கேற்ப இரண்டு தளமட்டங்களில் இறங்கும் வீடு வெட்டைக் குறைக்கும், தாங்குசுவரின் உயரத்தையும் குறைக்கும். தாங்குசுவரில் நீர் வெளியேறத் துளைகளும், அதன் பின்னால் கல், சரளை வடிகட்டியும் கட்டாயம். மேல் எல்லையோரம் ஒரு கான் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் இயற்கை ஓடைக்குக் கொண்டுபோங்கள். மலசலகூடக் குழி நீரை வீட்டுக்கு மேலேயுள்ள சரிவில் ஊறவிடாதீர்கள். மண்ணுக்குள் இறங்கும் நீர்தான் சரிவைத் தளர்த்துகிறது. வெட்டிய மண்ணை லொறியில் வெளியே ஏற்றினால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் லொறி நிறுத்தப்பட்ட பிறகு கேட்பதில் பயனில்லை.

5. அனுமதிப் பாதை: எந்தக் கதவு முதலில்?

புசல்லாவை கண்டி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. வீதியின் இந்தப் பக்கம் உடபலாத்தை என்றால் கொஞ்சம் தள்ளி கொத்மலை. காணி எந்தப் பிரதேச சபைக்குள், எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள். தவறான அலுவலகத்தில் கோப்பைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து, அந்த இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பரப்புக்குள் வருகிறதா என்று பிரதேச சபையில் கேளுங்கள். வந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும், 2021இல் வர்த்தமானியில் வெளியான திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளும் பொருந்தும். வராவிட்டால் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபை அனுமதி வழங்கும். இரண்டிலும் கோப்பு போய்ச்சேரும் இடம் பிரதேச சபையே. ஆனால் கேட்கப்படும் அளவுகளும் படிவங்களும் வேறுபடும்.

படிகளின் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. ஆரம்பத் திட்டமிடல் அனுமதி. "இந்தக் காணியில் இத்தனை வீடு கட்டலாமா?" என்பதற்கான முதல் பதில். வரைபடத்துக்குப் பெருஞ்செலவு செய்யும் முன் இதைப் பெறுங்கள்.
2. மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை.
3. வீதிக் கோடு, கட்டடக் கோடு. ஏ5 வீதியை முட்டி நிற்கும் காணியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டடக் கோட்டுக்கும் வீதிக்கும் இடையே எதுவும் கட்ட முடியாது. வீதியோரக் காணியின் விலை கூட, கட்டக்கூடிய பரப்பு குறைவு. உட்புறப் பாதை பிரதேச சபையினுடையதா, தோட்டத்தினுடையதா, தனியாருடையதா என்று பாருங்கள். தோட்டப் பாதையில் இத்தனை காலம் வாகனம் போய்வந்தது என்பதால் உங்களுக்குப் பாதை உரிமை வந்துவிடாது.
4. காணித் துண்டாக்கல் அனுமதி. பொதுவாகக் குறைந்த துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச். பாதையின் அகலத்தைப் பொறுத்து எத்தனை லொட் பிரிக்கலாம் என்பது மாறும். பிரிக்கும் காணி குறித்த அளவை மிஞ்சினால் 10 வீதத்தைப் பொதுத் திறந்த வெளியாக ஒதுக்க வேண்டும்.
5. கட்டட அனுமதி. தகுதிபெற்றவர் வரைந்து கையொப்பமிட்ட திட்டம், உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், மேலே சொன்ன அறிக்கைகள் எல்லாம் சேர்ந்த கோப்பு. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்ப்பார்கள். பின்னர் கோப்பு திட்டமிடல் குழுவுக்குப் போகும்.
6. இணக்கச் சான்றிதழ். அனுமதித்த திட்டப்படியே கட்டினீர்கள் என்பதற்கான சான்று. இது இல்லாத வீட்டில் குடியேறக்கூடாது. வாங்குபவரின் வங்கியும் கேட்கும். கட்டும்போது ஓர் அறையைக் கூட்டி, ஒரு பல்கனியை நீட்டிவிட்டுக் கடைசியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மாற்றம் தேவையென்றால் திருத்திய திட்டத்தைச் சமர்ப்பித்துவிட்டுக் கட்டுங்கள்.

குழு கூடும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிரதி குறைந்ததால் அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். சிறு நிறுவனத்துக்கு அந்த ஒரு மாதம் பெரியது.

6. ஒரு பேர்ச்சின் உண்மையான விலை

சரிவுக் காணியில் பேர்ச் விலையை வைத்துக் கணக்குப் போடுபவர் நட்டப்படுவார். கட்டக்கூடிய பேர்ச்சின் விலையைப் போடப் பழகுங்கள். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் காணிக்கு உங்கள் எண்களை இடுங்கள்.

காணி 80 பேர்ச், பேர்ச் 200,000 ரூபா. மொத்தம் 16,000,000. நில அளவையாளரும் பொறியியலாளரும் பார்த்த பிறகு, செங்குத்துச் சரிவும் ஓடை ஒதுக்கமும் 18 பேர்ச், உட்பாதையும் வாகனம் திரும்பும் இடமும் 10 பேர்ச், தாங்குசுவரும் கானும் 4 பேர்ச் என்று கழிகிறது. மிச்சம் 48 பேர்ச். நாலு வீட்டுக்குத் தலா 12.

இப்போது செலவைக் கூட்டுவோம். முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதம், மொத்தம் 639,000. பாதை, தாங்குசுவர், கான் ஆகியவற்றுக்கு 3,000,000. அனுமதிக்காக எட்டு மாதம் காத்திருந்தால், 14 வீத வட்டியில் காணிப் பணத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,493,000. எல்லாம் சேர்ந்து 21,132,000 ரூபா. அதை 48ஆல் பிரித்தால், 200,000 என்று பேசிய பேர்ச் 440,000 ரூபாவைத் தாண்டி நிற்கிறது. செங்கல் ஒன்று வைக்கும் முன்னரே ஒரு வீட்டின் மேல் 5,283,000 ரூபா ஏறிவிட்டது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, நகருக்குள் பேர்ச் 350,000 ரூபா கேட்கும் சமதரைக் காணி சில வேளை மலிவாகத் தெரியும். பழைய கடையறையோ பாழடைந்த வீடோ நிற்கும் சிறு துண்டு, பாதையும் நீரும் மின்சாரமும் ஏற்கெனவே உள்ள இடம் என்றால் அதைக் கவனமாகப் பாருங்கள். சிறு நிறுவனத்தின் நல்ல வேலைகள் பல அப்படிப்பட்ட இடங்களிலேயே நடக்கின்றன.

7. முதல் குறைவானால் செய்யக்கூடியவை

*நிபந்தனையுள்ள விற்பனை உடன்படிக்கை.* முழுப் பணத்தையும் கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, சிறு முற்பணத்தோடு நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதிப் பதியுங்கள். மண்சரிவு அறிக்கையும் ஆரம்பத் திட்டமிடல் அனுமதியும் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வாசகம் அதில் தெளிவாக இருக்கட்டும். அனுமதிக்கான காலத்தை ஆறு மாதம் என்று போட்டு, நீடிக்கும் முறையையும் எழுதுங்கள்.

*உரிமையாளரோடு கூட்டு.* காணி வைத்திருப்பவரிடம் பணமில்லை. உங்களிடம் காணி இல்லை. அவர் காணியை வைத்திருக்க, நீங்கள் அனுமதி பெற்று, பிரித்து, கட்டி, வாங்குபவருக்கு அவரே நேரடியாக உறுதி எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு செய்யலாம். ஒரு முத்திரைத் தீர்வை மிச்சமாகும், உங்கள் முதல் கட்டுமானத்துக்கு மிஞ்சும். யாருக்கு எத்தனை வீதம், செலவு யார் தலையில், ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்பவை எல்லாம் நொத்தாரிசு உடன்படிக்கையில் இருக்க வேண்டும்.

*வாங்குபவரின் காணியில் கட்டுதல்.* ஏற்கெனவே காணியுள்ள குடும்பங்களுக்கு அனுமதி எடுப்பதிலிருந்து திறப்புக் கையளிப்பது வரை ஒரே சேவையாகக் கொடுங்கள். காணி ஆபத்து உங்கள் மேல் வராது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் சிறு தரத்தில் பதிந்து வைத்திருந்தால் வங்கிகளும் அரச வீட்டுத் திட்டங்களும் உங்களை நம்பும்.

*சேர்ந்து செயற்படுதல்.* கம்பளை, புசல்லாவைப் பக்கத்து மூன்று நாலு சிறு நிறுவனங்கள் ஒரே நில அளவையாளரையும் ஒரே பொறியியலாளரையும் தொடர்ச்சியாக வைத்துக்கொண்டால் கட்டணமும் குறையும், அலுவலகத்தில் கோப்பின் தரமும் உயரும்.

8. கோப்பு அசையாவிட்டால்

ஒப்படைக்கும்போதே பதிவு இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் வாங்குங்கள். என்ன குறை என்று வாய்ச்சொல்லில் சொன்னால், எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் "என் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

"கொஞ்சம் கவனித்தால் சீக்கிரம் முடியும்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். கையூட்டுக் கொடுத்து வாங்கிய கையொப்பம் மலையைப் பிடித்து நிறுத்தாது. அடுத்த உத்தியோகத்தர் வந்ததும் அந்தக் கோப்பு திறக்கப்படலாம். அப்போது விற்ற வீட்டில் இருக்கும் குடும்பத்தின் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அதிகாரத்தில் இருப்போரிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. புசல்லாவை போன்ற நகரங்களைச் சுற்றி, தேயிலை பிடுங்கப்பட்டுப் பயன்படாமல் கிடக்கும், மண்சரிவு அபாயம் குறைந்த தோட்டத் துண்டுகள் எவை என்று அரசு அடையாளம் கண்டு, பாதையும் நீரும் கொடுத்து, முதலில் தோட்ட மக்களுக்கும் பிறகு ஊருக்கும் திறந்துவிட வேண்டும். பாதுகாப்பான நிலம் சட்டப்படி கிடைக்காதபோதுதான் மக்கள் ஆபத்தான சரிவில் அனுமதியில்லாமல் குடியேறுகிறார்கள். 2018இல் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் சேவை செய்யச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பாதை திறந்திருக்கிறது; அதில் காணியும் சேர்ந்து வர வேண்டும்.

9. முழுப் பணத்துக்கு முன் கையிலிருக்க வேண்டியவை

☐ காணி எந்தப் பிரதேச சபை, எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்பதற்கான எழுத்துச் சான்று
☐ உறுதியும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பும்
☐ முப்பது ஆண்டு உறுதித் தேடல். சட்டத்தரணியின் எழுத்துக் கருத்து
☐ பங்காளர் எல்லோரின் கையொப்பம், அல்லது பங்காளர் இல்லை என்பதற்கான சான்று
☐ புதிய நில அளவை வரைபடம், சம உயரக் கோடுகளுடன்
☐ மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை
☐ பாதையின் உரிமையும் அகலமும், கட்டடக் கோடு
☐ குடிநீர் எங்கிருந்து, மின்கம்பம் எவ்வளவு தூரம்
☐ ஆரம்பத் திட்டமிடல் அனுமதி
☐ கட்டக்கூடிய பேர்ச்சுக்கான விலைக் கணக்கு

பத்தில் எட்டு இருக்கிறது, மீதி இரண்டும் வந்துவிடும் என்று மனம் சொல்லும்போதுதான் பலர் பணத்தைக் கொடுக்கிறார்கள். நிபந்தனையுள்ள உடன்படிக்கை எழுதி அந்த இரண்டுக்காகக் காத்திருங்கள். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால் காணியை விட்டுவிடுங்கள். முதல் கையிலிருந்தால் அடுத்த காணிக்குப் போகலாம்.